அம்மாவின் நீர்மாலையும் கண்மாய்ப் பறவைகளும்

ஓராண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களே, நண்பர்களே, வணக்கம். அம்மாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். நடந்ததை எழுதுகிறேன்.

அம்மா தேவாரத்தில் பிறந்தார். கம்பம் பக்கத்தில் எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டார். அப்பா சீக்கிரமே போய்விட, கண்மாய்க்குக் கீழே இருந்த வாழைத் தோட்டத்தை வைத்தே ஒரே மகளான என்னை ஆளாக்கினார். தண்ணீர் பாய்ச்சப் போகும்போதெல்லாம், கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூடு கட்டும் நத்தைக்குத்தி நாரைகளைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுவார். நான் வேலைக்குப் போனதும் என்னிடம் கேட்டு வாங்கிய ஒரே பொருள் பைனாகுலர். தாலி இறங்கிய கழுத்தில் அது தொங்கியதை ஊரே கேலி பேசியது. அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் ஊரில் இறந்தவரைக் குளிப்பாட்டக் கண்மாயிலிருந்துதான் தண்ணீர் வரும். கொட்டடித்து, வேட்டுப் போட்டுக் குடத்தில் எடுத்துவரும் அந்த நீர்மாலைதான் போகிறவருக்குச் செய்யும் மரியாதை. அதனாலேயே எந்த இழவு வீட்டுக்கும் அம்மா முதல் ஆளாக ஓடுவார்.

"வேட்ட ஊருக்குள்ள போடுங்கப்பா. கரையில வேணாம். அங்கன குஞ்சு பொரிச்சுக் கெடக்குதுக."

முனகுவார்கள். பிறகு அம்மாவின் முகத்துக்காகக் கேட்டுக்கொள்வார்கள்.

கூடுகளில் குஞ்சுகள் இருந்த தை மாதத்தில் அம்மா நெஞ்சு வலியில் போனார். அன்று ஓடிப்போய்ச் சொல்ல ஆளில்லை. அம்மாவின் தம்பி, என் மாமா, தேவாரத்திலிருந்து ஜீப் நிறைய வேட்டோடு வந்து இறங்கினார். "எங்கக்கா என்ன நாதியத்தா போறாக? மல அதிரணும்!"

நான் அம்மாவின் கால்மாட்டில் கிடந்தேன். கரைப் பக்கம் முதல் வேட்டு வெடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எழுந்து ஓடினேன். "ஆத்தாள விட்டுட்டு எங்கன ஓடுற?" என்று வாசலிலேயே பிடித்துக்கொண்டார்கள். அங்கிருந்தே பார்த்தேன், வானம் முழுக்க நாரைகள். சுடுகாடும் அந்தக் கரையில்தான் என்பதால் பொழுது சாயும்வரை வேட்டு ஓயவில்லை.

காரியம் முடிந்து போய்ப் பார்த்தேன். பறந்த நாரைகள் திரும்பாத கூடுகளில் குஞ்சுகள் காய்ந்து கிடந்தன. இந்த வருடம் கண்மாய் நிறைந்தும் நாரைகள் ஒரு கூடுகூடக் கட்டவில்லை. வரும் என்று எனக்கு நம்பிக்கையும் இல்லை.

அம்மாவுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கும், அடுப்பு மூட்டாத எங்கள் வீட்டுக்குச் சோறு கொண்டுவந்தவர்களுக்கும் என் நன்றி. மாமாவுக்கும் நன்றி. அன்று அவர் அழுததுபோல் வேறு யாரும் அழவில்லை. அவர்மேல் கோபப்படக்கூட என்னால் முடியவில்லை.

இந்த நாளுக்கு அழைக்கப் போனபோது மாமா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஆத்தா, அக்காவுக்கு வேட்டு ஆகாதுன்னு ஒங்க ஊர்ல சொன்னாக. எனக்குத் தெரியாமப் போச்சே. இந்தத் தடவ வேணாம்ல?"

"போடுங்க மாமா," என்றேன். "பயந்து பறக்க இப்ப அங்கன ஒண்ணும் இல்ல."