பெட்டகத்தில் பூட்டிய இன்டர்நெட்

அசில்கான் ஒன்று சொன்னால் சொன்னதுதான். மலை நகர்ந்தாலும் நகரும், அவள் நகரமாட்டாள். இதை அவள் புருஷன் தொக்தோசுன் பெருமூச்சோடு சொல்வான். அசில்கான் பெருமையோடு சொல்வாள். அந்தப் பெருமைதான் ஒரு இலையுதிர் காலத்தில் பலகையாக வந்து அவள் தலையில் உட்கார்ந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜப் பலகை, தகரம் அடித்தது.

நாரின் என்னும் மலையாற்றுக்கு மேலே இருக்கும் எங்கள் வீடுகளில் அருமையான பொருள் எதையும் வெளியில் வைக்கமாட்டோம். பட்டுச் சால்வை, வெள்ளிக் காப்பு, விருந்தாளிக்கென்று ஒதுக்கிய மிட்டாய், எல்லாம் பெட்டகத்துக்குள்தான். மிட்டாய் கல்லாகிப் போகும், விருந்தாளிக்குப் பல் ஆடும், ஆனாலும் பெட்டகத்து மிட்டாய் என்றால் அதற்கொரு மதிப்பு. அசில்கானின் பெட்டகம் அவள் கல்யாணத்தில் அவளோடு வந்தது. முன்பக்கத்திலும் மூடியிலும் பூப்போட்ட தகரத் தகடு. அதன்மேல் கம்பளி மெத்தைகளைக் கூரை வரைக்கும் அடுக்கி வைத்திருந்தாள். மெத்தை அடுக்கின் உயரத்தைப் பார்த்துத்தான் எங்கள் ஊரில் ஒரு பெண்ணின் சாமர்த்தியத்தை அளப்பார்கள். வேறு அளவுகோல் உண்டென்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

மகள் பெர்மெத் நகரத்தில் ஒரு தையல் கூடத்தில் வேலை பார்த்தாள். வார நாளெல்லாம் அங்கே. சனிக்கிழமை வீட்டுக்கு வருவாள். அப்பாவும் அம்மாவும் தூரத்துச் சொந்தங்களின் முகத்தைப் பார்க்கட்டும் என்று அவள்தான் வீட்டுக் கூடத்தில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, இன்டர்நெட்டும் இழுத்துக் கொடுத்தாள். வெள்ளையாகச் சின்னதாக ஒரு மோடம் ஜன்னல் மேடையில் உட்கார்ந்து பச்சைப் பச்சையாகக் கண் சிமிட்டியது. எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடியது, பக்கத்து வீட்டுக்காரி வருகிற வரைக்கும்.

"அடியம்மா, என்ன மினுக்கு மினுக்குது பாரேன்!" என்று வாயைப் பிளந்துவிட்டுப் போனாள் அவள். அன்று சாயங்காலம் கரண்ட் போனது. ஊர் முழுக்கத்தான் போனது. ஆனால் ஊரைப் பற்றி அசில்கானுக்கு என்ன? கண் பட்டுவிட்டது என்று தீர்மானித்தாள். மோடத்துக்கு ஒரு தாயத்தைக் கட்டினாள். சால்வைகளுக்கு நடுவே பெட்டகத்துக்குள் வைத்தாள். பின்பலகையில் எலி குடைந்த ஓட்டை வழியாக வயரை இழுத்துவிட்டு, மூடியைச் சாத்தி, மெத்தைகளை மறுபடி கூரை தொட அடுக்கினாள். யாரிடமும் சொல்லவில்லை. ஒளித்து வைத்ததைச் சொன்னால் ஒளித்ததற்கு என்ன அர்த்தம்?

மறுநாளிலிருந்து இன்டர்நெட் நொண்ட ஆரம்பித்தது. முகங்கள் கட்டம் கட்டமாக உடைந்தன. வெளியூரிலிருந்து அசில்கானின் தங்கை கேட்ட கேள்வி, இவர்கள் டீ குடித்து முடித்த பிறகு வந்து சேர்ந்தது.

தொக்தோசுன் கூரைமேல் ஏறி வயரை முறுக்கிக் கட்டினான். காக்கையைத் துரத்தினான். அசில்கான் கீழே இருந்து காரணம் சொன்னாள்.

"கணவாய்க் காத்துங்க. எதுத்தாப்ல காத்து அடிச்சா அது எப்படி வேகமா வரும்? குதிரையே வராது."

"வயருக்குள்ள காத்து எங்கடி போச்சு?"

"எலி போகுது, காத்து போகாதா?"

எலி என்றதும் அவளுக்கே நெஞ்சில் ஏதோ ஒன்று லேசாக உறுத்தியது. அதைத் தட்டிவிட்டாள். சனிக்கிழமை வந்த பெர்மெத், "அம்மா, ஜன்னல்ல இருந்த மோடம் எங்கம்மா?" என்று கேட்டாள்.

"பத்திரமா இருக்கு."

"எங்கன்னு கேட்டேன்."

"பத்திரமான எடத்துல."

அந்த வீட்டில் இந்தப் பதிலுக்குமேல் கேள்வி கிடையாது.

அப்படி இருக்கும்போதுதான் பெர்மெத்துக்குச் சம்பந்தம் வந்தது. கணவாய்க்கு அந்தப் பக்கத்து ஊர்ப் பையன். இருவரும் நகரத்தில் பார்த்துப் பழகி மனசு ஒத்துப் போனவர்கள். பையனின் அம்மா கலிபா வந்து பெண்ணின் காதில் கம்மல் போட்டுவிட்டால் நிச்சயம் முடிந்தது. ஆனால் அதற்குமுன் பெண் வீட்டு மூத்தவர் ஆசி கொடுக்க வேண்டும். மூத்தவர் தொக்தோசுனின் அண்ணன். அவரோ முழங்காலில் ஆபரேஷன் பண்ணிக்கொண்டு, வெளிநாட்டில், நோவோசிபிர்ஸ்கில் மகன் வீட்டில் படுத்திருந்தார். அவர் பெயர் அப்தில்தா. அசில்கான் அந்தப் பெயரைச் சொல்லமாட்டாள். புருஷனின் அண்ணன் பெயரை எந்த மருமகள் வாயால் சொல்லுவாள்? அவளுக்கு அவர் 'பெரிய வீட்டார்'.

"கம்ப்யூட்டர்ல ஆசி குடுக்கறேன்டா, நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்றார் பெரிய வீட்டார். சரி என்றார்கள்.

சம்பந்தி வீட்டார் வந்த அன்று வானம் பஞ்சுப்பொதியாகத் தொங்கியது. பனி விழுந்தால் கணவாய் மூடிக்கொள்ளும். அப்புறம் வசந்தத்தில்தான் திறக்கும். அதற்குள் பையன் வேலைக்கென்று கொரியாவுக்குப் போய்விடுவான். கம்மல் ஏறாமல் போகிறவன் மனசு அதே இடத்தில் நிற்குமா என்று யார் சொல்ல முடியும்? பெர்மெத் காலையிலிருந்து காது மடலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆடு அறுத்து, கறி வெந்து, போர்சோக் மாவுத் துண்டுகளை எண்ணெயில் பொரித்துக் குவித்தாயிற்று. எல்லாரும் கம்ப்யூட்டருக்கு எதிரே உட்கார்ந்தார்கள். திரையில் பெரிய வீட்டார் தொப்பியோடு தோன்றினார். அசில்கான் எழுந்து திரைக்குக் குனிந்து வணங்கினாள். அவர் இரண்டு கையையும் ஏந்தினார். கூடத்தில் இருந்த அத்தனை கைகளும் ஏந்தின.

"இந்தப் பொண்ணு போற வீட்ல," என்று ஆரம்பித்தார் அவர், "ஒரு நாளும்..."

அவ்வளவுதான். படம் நின்றது. வாய் பாதி திறந்து, ஒரு கண் மூடி, கை ஏந்தியபடி பெரிய வீட்டார் உறைந்துபோனார்.

யாரும் அசையவில்லை. ஆசி முடிந்து 'ஆமீன்' சொல்லி முகத்தைத் தடவாமல் கையை எப்படி இறக்குவது? கறி ஆறிக்கொண்டிருந்தது.

கலிபாதான் மெல்லக் கேட்டாள்: "ஒரு நாளும்... என்ன?"

"நல்லதாத்தான் சொல்ல வந்திருப்பார் சம்பந்தியம்மா," என்றான் தொக்தோசுன்.

"இருக்கும். ஆனா என் வீட்ல ஒரு நாளும் என்ன ஆகும்னு தெரியாம நான் எப்படிக் கம்மல் போடறது? பாதி ஆசி, பாதி தாண்டின கிணறு மாதிரி. கோவிச்சுக்காதீங்க. இருட்டறதுக்குள்ள முடிஞ்சா போடறேன். இல்லன்னா கடவுள் விட்ட வழி." சொல்லிவிட்டு, மடியில் எடுத்து வைத்திருந்த, கம்மல் பொதிந்த கைக்குட்டையை ஒற்றைக் கையால் மறுபடி மார்புக்குள் செருகிக்கொண்டாள்.

பெர்மெத் ஒற்றைக் கையால் போனை எடுத்து இன்டர்நெட் கம்பெனியைக் கூப்பிட்டாள். அப்பாவின் கை இன்னும் ஏந்தியபடி இருந்ததால் ஸ்பீக்கர் போட்ட போனை அவர் முகத்தருகே அவள் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் ஒரு இளம்பெண்ணின் குரல்.

"கம்ப்யூட்டரை ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க ஐயா."

தொக்தோசுன் திரையைப் பார்த்தான். "அது முடியாதும்மா. அண்ணன் இருக்கார்."

"யாரு?"

"எங்க அண்ணன். ஆசி குடுத்துட்டு இருக்கார். கை ஏந்தின மனுசனை எப்படிம்மா ஆஃப் பண்றது? உங்க வீட்ல பண்ணுவீங்களா?"

அந்தப் பெண் வேறு வழிக்கு வந்தாள். "சரி, வீட்ல எத்தனை பேர் போன்ல நெட் ஓடுது?"

பெர்மெத் சுற்றிப் பார்த்தாள். வந்தவர்களுக்கு டீ கொடுக்கும்போதே நெட் பாஸ்வேர்டும் கொடுத்திருந்தார்கள், அதுதானே மரியாதை. பையனின் சித்தப்பா ஒரு கையை ஏந்திக்கொண்டு மறுகையால் குதிரைப் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, எல்லாரையும் கொஞ்சம் நிறுத்தச் சொல்லலாமா?"

"வந்த விருந்தாளி கையிலேருந்து பிடுங்கவா? அதுக்கு ஆட்டை அறுக்காமயே இருந்திருக்கலாம்!"

கடைசியாகப் போன் பெண் கேட்டாள்: "மோடம் திறந்த எடத்துல, உயரமா இருக்குதா?"

இதற்குப் பதில் தெரிந்தவள் அங்கே ஒருத்திதான். அசில்கான் நிமிர்ந்து உட்கார்ந்து போனைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: "வீட்லயே மரியாதையான எடத்துல இருக்கும்மா. அதைவிட நல்ல எடம் எங்க வீட்ல எனக்கே கெடையாது."

"அப்ப எங்க பக்கம் கோளாறு எதுவும் இல்லீங்க," என்றது போன்.

"நான் அப்பவே சொன்னேன், காத்துன்னு!" என்றாள் அசில்கான்.

ஜன்னலில் முதல் பனித்துகள் வந்து ஒட்டியது. கலிபாவின் புருஷன் எழுந்து, கார் நிற்கும் பக்கம் எட்டிப் பார்த்தார். பெர்மெத் தலையைக் குனிந்துகொண்டாள். பொங்கி வந்த அழுகையை அவள் போர்சோக்கைக் கடித்து அடக்கியதை அசில்கான் பார்த்தாள்.

சரி, கம்மல் ஏறாவிட்டாலும் சம்பந்தியை வெறுங்கையோடு அனுப்ப முடியாது. சால்வையும் மேலங்கியும் போர்த்தித்தான் அனுப்ப வேண்டும். அசில்கான் கையை இறக்கினாள். "ஆண்டவனே, இது சமைக்கிற கை, மன்னிச்சுக்கோ," என்று முணுமுணுத்தாள். திரையில் பெரிய வீட்டார் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். மூத்தவருக்கு முதுகு காட்டக்கூடாதே! கூடத்திலிருந்து பின்பக்கமாகவே நடந்தாள். தேநீர்க் கெண்டியை ஒரு இடி, கதவு நிலையை ஒரு இடி, அப்படியே உள்ளறைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

மெத்தைகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். மூச்சு வாங்கியது. பெட்டகத்தைத் திறந்து மூடியைத் தூக்கியதுதான் தாமதம், கூடத்திலிருந்து ஒரு இடிக்குரல்:

"கேக்குதாடா தொக்தோசுன்? எனக்குக் கை கடுக்குதுடா!"

பயத்தில் மூடியை விட்டாள். டமால் என்று சாத்தியது. குரல் நின்றது.

அசில்கான் பெட்டகத்தைப் பார்த்தாள். மறுபடி மெல்லத் தூக்கினாள்.

"...எவ்வளவு நேரம்டா, பொம்மை மாதிரி உக்காந்திருக்கீங்க எல்லாரும்?"

சாத்தினாள். அமைதி. தூக்கினாள். "...அங்க யாருடா கதவை ஆட்டறது?"

சால்வைகளுக்கு நடுவில், கழுத்தில் தாயத்தோடு, மோடம் பச்சைக் கண்ணைச் சிமிட்டியது. அசில்கானுக்குக் காது மடல் சுட்டது. கோடையெல்லாம் கூரைமேல் ஏறிய புருஷன், காக்கை, காற்று, போன் பெண், எல்லாரையும் குற்றம் சொன்னது அவள் வாய். குற்றவாளிக்குத் தாயத்து கட்டிப் பட்டு போர்த்தியது அவள் கை. வெளியே எடுத்து வைத்துவிடலாம் என்று கை நீட்டினாள். எலி ஓட்டையில் வயர் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. இழுத்தால் அறுந்துவிடும். அதற்குள் கூடத்தில் பெரிய வீட்டார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாதி ஆசி செல்லாது. மொதல்லேருந்து சொல்றேன்," என்று தொடங்கிவிட்டார்.

மூடிக்கு முட்டுக் கொடுக்க அங்கே ஒன்றும் இல்லை, அவள் தலையைத் தவிர. குனிந்து, தகரப் பலகையைத் தலையில் தாங்கிக்கொண்டு நின்றாள்.

பெரிய வீட்டார் சுருக்கமாகப் பேசித் தெரியாதவர். ஏழு தலைமுறை முன்னோரையும் கூப்பிட்டார். குதிரைகளுக்கு, ஆடுகளுக்கு, இன்னும் பிறக்காத கன்றுகளுக்கு எல்லாம் நல்லது சொன்னார். அசில்கானின் கழுத்து மரத்துப் போனது. கடைசியில் வந்தது: "இந்தப் பொண்ணு போற வீட்ல ஒரு நாளும் பால் வத்தாம இருக்கட்டும்! ஆமீன்!"

"ஆமீன்!" என்றது கூடம். "ஆமீன்," என்றாள் அசில்கான் பெட்டகத்துக்குள். முகத்தைத் தடவக் கை வரவில்லை.

"பொண்ணோட அம்மா எங்க? அவங்க முன்னாடிதானே போடணும்," என்று தேடிக்கொண்டு வந்தாள் கலிபா. கதவருகே நின்றாள். தலையில் பெட்டகத்து மூடியோடு சம்பந்தி. உள்ளே தாயத்து கட்டிய மோடம்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சால்வை எடுக்கறேன் சம்பந்தியம்மா," என்றாள் அசில்கான்.

"எடுங்க எடுங்க. அந்த மினுக்கறதும் எனக்குச் சீரா?"

அசில்கான் ஒரு சால்வையை இழுத்து மோடத்தின்மேல் போட்டாள். அது சால்வைக்குள்ளிருந்தும் மினுக்கியது. கலிபாவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அதைப் பார்த்து அசில்கானுக்கும் சிரிப்பு பீறிட்டது. சிரித்ததில் மூடி நழுவி விழ, கூடத்தில் பெரிய வீட்டார் மறுபடி உறைந்தார். இந்தமுறை வாய் மூடியிருந்தது, ஆசி முடிந்திருந்தது, யாரும் கவலைப்படவில்லை.

கலிபா அறையின் மரியாதையான இடத்தில் ஒரு மெத்தையைப் போட்டு அசில்கானை உட்காரவைத்தாள். பெர்மெத்தை அங்கேயே கூப்பிட்டு, பெட்டகத்துக்கு முன்னால் வைத்துக் கம்மல் போட்டாள். பெண்ணின் கன்னத்தில் ஒட்டியிருந்த போர்சோக் துணுக்கையும் அவளே தட்டிவிட்டாள். பனி கெட்டிப்படுமுன் அவர்கள் கிளம்பினார்கள். காரில் ஏறும்போது கலிபா ஜன்னலை இறக்கி, ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்: "கல்யாணத்துக்கு அந்தப் பெட்டகம் எங்க வீட்டுக்கு வரணும் சம்பந்தியம்மா! மோடத்தை மட்டும் எடுத்துட்டு அனுப்புங்க!"

தொக்தோசுன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். "எந்த மோடம்?"

"காத்து நின்னுருச்சு பாத்தீங்களா?" என்று சொல்லிவிட்டு, கழுத்தைத் தேய்த்துக்கொண்டே உள்ளே போனாள் அசில்கான்.