மண் தம்பிக்கு, மரம் அக்காவுக்கு

கிரேக்கத்தில் எங்கள் லெஸ்வோஸ் தீவில் மண் ஒருவருக்கும் அதில் நிற்கும் மரம் இன்னொருவருக்கும் சொந்தமாக இருப்பது புதிதல்ல. மகனுக்கு நிலம், மகளுக்குச் சீதனமாக அந்த நிலத்திலேயே ஓர் ஆலிவ் மரம் என்று எழுதிவைத்துவிட்டுப் பெற்றவர்கள் நிம்மதியாகக் கண்ணை மூடிவிடுவார்கள். அடித்துக்கொண்டு சாவது பிள்ளைகள்தானே!

மிர்சினிக்கு அப்படி வந்த மரம் அவள் தம்பி டூக்காஸின் தோட்டத்து நடுவில் நின்றது. மரத்திலிருந்தோ, அவள் அதனடியில் விரித்த வலையிலிருந்தோ எடுக்கிற காய் அவளுடையது. வெறும் மண்ணில் விழுந்தால் அவனுடையது. முப்பத்தெட்டு வருடமாக ஒவ்வொரு நவம்பரிலும் துறைமுகத்திலிருந்து மலையேறி வருவாள், வலை விரிப்பாள், கோலால் தட்டுவாள், மூட்டை கட்டிச் செக்குக்குக் கொண்டுபோவாள். புருஷன் கடலோடு போனபிறகு அவளுக்கென்று மிஞ்சியது அந்த ஒரு மரம்தான். ஒரு வருடம் அதன் காய் செக்குக்கு வராவிட்டாலும் உரிமை போய்விடும் என்பது ஊர்க்கட்டு. டூக்காஸ் அந்த ஒரு வருடத்துக்காக நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு காத்திருந்தான்.

சென்ற நவம்பரில் அவள் ஏணி வைத்து ஏறி, மேல்கிளைக்குப் போனதும், அவன் வந்து வலையைச் சுருட்டினான். ஏணியையும் எடுத்துக்கொண்டுபோய்ச் சுவரோரம் சாத்தினான்.

“டேய், ஏணிய வைடா!”

“எதுக்கு? மரம் ஒன்னுதுதானே, அங்கேயே குடும்பம் நடத்து. கீழ கால வச்சா என் மண்ணு.”

“வெக்கமா இல்ல ஒனக்கு? அறுபது வயசுக் கழுத!”

“மரத்த எனக்கு எழுதிக் குடு அக்கா, ஏணி தானா வரும். இல்லையா, தட்டிவிடு. விழறதெல்லாம் எனக்குத்தான்.”

பாவி! கூடப்பிறந்தவனா இவன்? மிர்சினி கோலை அவன் மண்டையைப் பார்த்து எறிந்தாள். தப்பிவிட்டான். அதன்பிறகு ஒவ்வொரு காயாகக் கையால் பறித்து, ஒன்றுகூடச் சிந்தாமல் இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனில் சேர்க்க ஆரம்பித்தாள்.

அவன் கீழே உட்கார்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றான்.

“குளுருதா அக்கா?”

“ஒன் எழவுக்கு வர்ற அன்னைக்கு எனக்குக் குளுராது, போடா.”

பொழுது சாய்ந்தது. அவன் எழுந்திருக்கிற மாதிரி தெரியவில்லை. இருட்டிவிட்டால் விறைத்துப்போய் மரத்திலிருந்து தானே விழ வேண்டியதுதான், காயும் மண்ணோடு போய்விடும். மிர்சினி அடிக்கிளைக்கு இறங்கினாள். அங்கிருந்தும் தரை இரண்டு ஆள் ஆழம். ஏப்ரனை மூட்டையாக முடிந்து, இரண்டு கையாலும் மாரோடு அணைத்துக்கொண்டு குதித்தாள்.

வலது கால் மளுக்கென்று முறிந்தது. கத்தினாள், ஆனால் முடிச்சை விடவில்லை.

“கால் வேணா ஒன் மண்ணுல கெடக்கட்டும்டா,” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. “காய் செக்குக்குப் போகும். யாரையாவது கூப்புடு.”

டூக்காஸ் முகம் வெளுத்து ஓடிவந்தான். குனிந்தான். தூக்கத்தான் குனிகிறான் என்று நினைத்து அவள் ஒரு கையை நீட்டினாள்.

மூட்டை ஓரத்திலிருந்து மூன்று காய்கள் நழுவி மண்ணில் கிடந்தன. அவன் அவற்றைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அதன்பிறகுதான் ஆளைக் கூப்பிட ஓடினான்.