பத்துச் சீவனுக்குக் கட்டின கூடு

கோழி வளப்பம் எண்டு முதல் சொன்னது நான்தான். அதை இப்ப மறைச்சு என்ன வரப்போகுது? என்ரை மனுசனுக்கு நெஞ்சுவருத்தம் வந்து, புவாண்ட்-கிளேர் வெயர்ஹவுஸ் வேலையை விட்டுட்டு வீட்டிலை இருந்த வின்ரர் அது. மனசை ஆறுதலா வைச்சிருங்கோ, கையாலை ஏதாவது செய்யுங்கோ எண்டு டொக்டர் சொல்லியிருந்தார். இவர் என்னெண்டா விடிஞ்சாப் பொழுதுபட்டா யன்னலடியிலை நிண்டு பனியைப் பாத்துக்கொண்டிருப்பார். கூப்பிட்டாக் காது கேளாது. எனக்கு விசர் பிடிக்காத குறை. லொங்குய்யிலை எங்கடை வீட்டுக்குப் பின்னாலை நல்ல வளவு கிடக்கு, நகரசபையும் கோழிக்கு அனுமதி குடுக்குது, வளப்பமே எண்டு கேட்டன். கன நாளைக்குப் பிறகு அண்டைக்குத்தான் என்னைத் திரும்பிப் பாத்தார்.

ஐஞ்சு பேட்டுக்கோழி, மூண்டு தாரா வாத்து, ரெண்டு கினிக்கோழி எண்டு முடிவெடுத்தம். நகரசபைக் கடிதத்திலை கோழி எண்டுதான் கிடந்தது. தாராவைப் பற்றி அவையும் சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை. வாயைக் குடுத்து வம்பை வாங்க எனக்கென்ன விசரோ?

நான் சும்மா ஆளில்லை. வீடியோக்களைப் பாத்து, தெரிஞ்ச ஆக்களிட்டை விசாரிச்சு, எல்லாம் எழுதி வைச்சிருந்தன். கோழி தடியிலை ஏறிப் படுக்கும், கினிக்கோழி அதுக்கும் மேலை ஏறும், தாரா கீழை நிலத்திலை கிடக்கும். தாராவின்ரை தண்ணித் தொட்டியைக் கோழி படுக்கிற மரத்தூளுக்குக் கிட்ட வைக்கக்கூடாது, எல்லாம் சதசதத்துப் போகும். கூட்டுக்கு மேலை காத்துப்போக ஓட்டை வேணும், வெயில் வாற பக்கம் யன்னல் வேணும். கூட்டுக்கு முன்னாலை கம்பிவலை அடைப்பு. அதுக்கு நடுவிலை ஒரு தடுப்பு, தாராவுக்கு ஒரு பக்கம், மற்றதுகளுக்கு ஒரு பக்கம். முக்கியமா கூடு பெரிசா இருக்கக்கூடாது. பெரிய கூட்டிலை பத்துச் சீவன்ரை சூடு காணாது, இந்தக் குளிருக்கு விறைச்சுப்போங்கள்.

மனுசன் எல்லாத்தையும் தலையாட்டிக் கேட்டார். பிறகு மகள் விட்டுட்டுப்போன கட்டம் போட்ட கொப்பியை எடுத்து, குசினி மேசையிலை இருந்து தன்ரை பாட்டுக்கு வேறை ஒரு படம் கீறினார்.

அந்தப் படத்திலை யன்னலே இல்லை. கூடு நிலத்துக்கு மேலையும் இல்லை, நெஞ்சளவு ஆழமாக் கிண்டின கிடங்குக்குள்ளை கிடந்தது. வாசல் ஒடுக்கம். உள்ளுக்குப் போற வழி நேராப் போகாமல் பாதியிலை ஒருக்காத் திரும்பிச்சு.

"ஏனப்பா உதை வளைக்கிறியள்? நேரா விட்டா என்ன?"

"நேரா இருந்தா உள்ளுக்கு வரும்."

"என்ன வரும்? குளிரோ?"

அவர் அடிமட்டத்தை வைச்சு இன்னொரு கோடு கீறினார். அது உள்ளுக்குச் சுவரோடை ஆக்கள் இருக்கிறதுக்கு ஒரு நீட்டு வாங்கு.

"பத்துச் சீவனுக்கு உது என்னத்துக்கு இவ்வளவு பெரிசு?" எண்டு புறுபுறுத்தன்.

"பேந்து இடம் காணாட்டி இடிச்சுக் கட்டேலுமே?"

நான் சின்னப் பிள்ளையா இருக்கேக்கையே தாய் தேப்பனோடை இஞ்சை வந்திட்டன். அவரைக் கலியாணம் முடிச்சு நான்தான் கூப்பிட்டது. யாழ்ப்பாணத்திலை சண்டைக்குள்ளை அவரின்ரை வீட்டாக்கள் பட்ட பாடு எனக்கு ஆக்கள் சொல்லிக் கேட்ட கதை. அதாலைதான் அந்தப் படத்தைப் பாத்தும் எனக்கு ஒண்டும் ஓடேல்லை. ஆம்பிளையளின்ரை பிடிவாதம் எண்டு நினைச்சன். அதோடை அவர் திரும்பவும் சாப்பிடத் தொடங்கியிருந்தார், நித்திரை கொண்டார், என்னோடை சண்டை பிடிச்சார். சரி, ஆள் எழும்பிட்டார், கூடு எப்பிடிப் போனாலென்ன எண்டு விட்டிட்டன். என்ரை பிழை அதுதான்.

நிலம் இளகினவுடனை கிண்டத் தொடங்கினார். நெஞ்சுவருத்தக்காரன் அலவாங்கும் மண்வெட்டியுமா நிண்டா எனக்கு எப்பிடி இருக்கும்? கத்தினன், அழுதன், மண்வெட்டியை ஒளிச்சும் வைச்சன். ம்கூம். மெல்ல மெல்ல, ஒரு நாளைக்கு ஒரு முழம் எண்டு கிண்டினார். மேலை மரக்குத்தியளைப் பரவி, அதுக்கு மேலை மண்மூட்டை அடுக்கினார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி வேலிக்கு மேலாலை பொன்ஜூர் சொல்லி, கரட்டும் கிழங்கும் பழுதாகாமல் வைக்கவோ எண்டு கேட்டா. ஓமெண்டன். வேறை என்னத்தைச் சொல்ல?

சீவன்கள் வந்தது வைகாசியிலை. முதல் கிழமை வளவு சந்தை மாதிரி இருந்தது. கினிக்கோழி ரெண்டும் காட்டுக்கத்தல், தாராக்கள் அதுக்கு மேலை. எனக்கு அது பிடிச்சிருந்தது, வீட்டிலை உயிர் இருக்கிற மாதிரி.

எங்கடை பக்கத்திலை சின்ன விமானநிலையம் ஒண்டு இருக்கு. ஓடப் பழகிற ஆக்கள் சின்னப் பிளேனிலை நாள் முழுக்க வீட்டுக்கு மேலாலை சுத்துவினம். பிளேன் சத்தம் கேட்டா மனுசன் ரின்னிலை சோளத்தைக் குலுக்கி, எல்லாத்தையும் கூட்டுக்குள்ளை கூப்பிட்டுப் போடுவார். சத்தம் போனாப் பிறகு திறந்து விடுவார். விளையாடுறார் எண்டு நினைச்சுச் சிரிச்சன். ஆனி முடியிறதுக்குள்ளை சோளம் தேவைப்படேல்லை. பிளேன் சத்தத்துக்கு அதுகளே ஓடிப் போகும். முதல் தாராக்கள், பிறகு கோழியள், கடைசியா கினிக்கோழியள். ஒண்டை ஒண்டு இடிக்காது. வரிசையாக் குனிஞ்சு போகும். உள்ளுக்குப் போனாப் பிறகு ஒரு கொக்கரிப்புக் கேளாது. கினிக்கோழி வாய் பொத்தி ஆராவது கண்டிருக்கிறியளோ?

பிறகு ஒரு நாள் குசினி யன்னலாலை பாத்துக்கொண்டு நிண்டன். வளவு திடீரெண்டு வெறிச்சுப் போச்சு. எல்லாம் உள்ளுக்கு. வானத்திலை ஒண்டுமில்லை, சத்தமும் இல்லை. நான் கையைத் துடைச்சு, கேத்திலிலை தண்ணி விட்டு, அடுப்பைப் போட்டாப் பிறகுதான் பிளேன் சத்தம் மெல்லக் கேட்டுது. அதுக்குப் பிறகு தினமும் அப்பிடித்தான். முதல் வளவு வெறிக்கும், பிறகு பிளேன் வரும். மனுசனும் அதுகளோடை உள்ளுக்குப் போய் இருக்கத் தொடங்கினார்.

ஆவணியிலை மனுசன்ரை தமக்கை, என்ரை மச்சாள், லவாலிலை இருந்து ஒரு பை பாவக்காயோடை வந்தா. இவர் சந்தோசமாக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டைக் காட்டினார். மச்சாள் புல்லிலை அப்பிடியே நிண்டிட்டா. என்ன கூடு, எத்தினை முட்டை, ஒண்டும் கேக்கேல்லை. மண்மூட்டையளைப் பாத்தா, வாசலைப் பாத்தா.

"எத்தினை பேருக்குத் தம்பி?"

"இந்த முறை இடம் காணும் அக்கா," எண்டார் இவர்.

மச்சாள் தேத்தண்ணி கூடக் குடிக்கேல்லை. மெட்ரோவடியிலை கொண்டுபோய் விடச் சொன்னா. காரை நிப்பாட்டினாப் பிறகும் இறங்காமல் இருந்தா. பிறகுதான் சொன்னா. அது பங்கராம். பொம்மர் பிளேன் குண்டு போட வாறநேரம் ஒளியிறதுக்கு, குண்டுச் சிதறல் நேரா உள்ளுக்கு வராமல் வழியை வளைச்சு, வீட்டு வளவிலை கிண்டி வைக்கிற கிடங்கு. பதினாறு வயதிலை இவர் தனியக் கிண்டினவராம், வீட்டிலை இருந்த ஐஞ்சு பேரையும் நிலத்திலை இருத்தி வைச்சு அளவெடுத்து. ஒரு நாள் பொம்மர் சுத்தேக்கை பக்கத்து வளவு அக்கா ஒராள் தன்ரை மகனையும் இழுத்துக்கொண்டு ஓடி வந்தாவாம். வாசலடியிலை இருந்தது இவர். இடமில்லை எண்டிட்டார்.

"அவ ஒண்டும் பேசேல்லை. பெடியனைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனா. பிறகு நாங்கள் வெளியிலை வந்து பாக்கேக்கை ரெண்டு பேரும் உயிரில்லாமல் கிடந்தினம்," எண்டு சொல்லிட்டு மச்சாள் கைப்பையைத் திறந்து திறந்து மூடினா. "காலை மடக்கியிருந்தா இடம் கிடந்தது. எனக்கும் வாய் இருந்ததுதானே."

வீட்டை வந்து காருக்குள்ளையே இருந்து அழுதன். கோவமும் வந்தது. இவ்வளவு வருசம் ஒரு கட்டிலிலை கிடந்த மனுசன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே எண்டு. அண்டையிலையிருந்து எனக்கு ஒரே பயம்தான். இந்தாள் அந்தக் கிடங்குக்குள்ளையே முடிஞ்சு போடுவாரோ எண்ட பயம். காத்தோட்டம் இல்லாத கூடு, வாசலடியிலை நிண்டாலே எச்ச நாத்தம் கண்ணைக் கரிக்கும், சுவரெல்லாம் ஈரம். ரெண்டு கோழிக்கு மூச்சு இழுக்கத் தொடங்கிட்டுது. அவரும் இருமினார். சாப்பாட்டைக் கொண்டுபோய் வாசலிலை வைச்சாத்தான் சாப்பிடுவார். இதயத்துக்குப் பாக்கிற டொக்டரிட்டை போற நாளை ரெண்டு தரம் தவறவிட்டார். மூண்டாம் தரமும் போகாட்டிக் ஃபைலை மூடிப்போடுவினம் எண்டு நேர்ஸ் ரெலிபோனிலை சொல்லிட்டா.

அந்த மூண்டாம் நாள் ஐப்பசியிலை வந்தது. மத்தியானம். முதல் பனி தூறல் மாதிரி விழுந்துகொண்டிருந்தது. காரை ஸ்ராட் பண்ணிப்போட்டு வந்து பாத்தா வளவிலை ஒரு சீவனில்லை. பிளேனும் இல்லை. காது குடுத்துக்கொண்டு நிண்டன், வரவுமில்லை. வாசலிலை நிண்டு, "இஞ்சாருங்கோ, நேரம் போகுது!" எண்டு கத்தினன். கோதாரி எண்டு சொல்லிக்கொண்டு, நல்ல கோட்டோடையே குனிஞ்சு உள்ளுக்குப் போனன். அண்டைக்குத்தான் முதல் தரம் அந்த வளைவைத் தாண்டினனான்.

ஃபோன் வெளிச்சத்திலை பாத்தா, வாங்கிலை மனுசன் இருக்கிறார். பத்துச் சீவனும் அவரைச் சுத்திக் கிடக்கு. தடியிலை ஒண்டுமில்லை, எல்லாம் நிலத்திலை, கழுத்தை நீட்டி வாசலைப் பாத்தபடி. என்னை இல்லை. எனக்குப் பின்னாலை.

"வாரும்," எண்டு ஒரு பக்கம் தள்ளி அரக்கி இருந்தார். "இடம் கிடக்கு."

"எழும்புங்கோ. டொக்டர் பாத்துக்கொண்டிருப்பார்."

"இன்னும் அவையள் வரேல்லை. வந்தாப் பிறகு போவம்."

உதடு நீலிச்சுக் கிடந்தது. கையைப் பிடிச்சா ஐஸ். நெஞ்சை ஒரு கையாலை அமத்திக்கொண்டிருந்தார், தனக்கே தெரியாமல். கத்தினா வரமாட்டார் எண்டு எனக்கு விளங்கிச்சு. இழுக்க எனக்குப் பலம் இல்லை. பக்கத்திலை இருந்தன். காலை மடக்கினன், நல்லா ஒடுங்கினன், வாசல் பக்கம் வாங்கிலை இடம் விட்டன்.

"வந்திட்டினம்," எண்டன்.

அவர் என்னைப் பாக்கேல்லை. எனக்கு அங்காலை பாத்தார்.

"ரெண்டு பேருமோ?"

"ஓம். ரெண்டு பேரும்."

ஒரு பெரிய மூச்சு விட்டார். பிறகு சின்னப் பிள்ளை மாதிரி என்ரை தோளைப் பிடிச்சு எழும்பி, குனிஞ்சு, வளைவைத் தாண்டி வெளியிலை போனார். அவர் பனிக்குள்ளை நடக்கிற சத்தமும் கார்க் கதவு திறக்கிற சத்தமும் கேட்டுது. கும்பிட்ட தெய்வமெல்லாம் ஒருக்கா என்ரை வாயிலை வந்து போச்சு. பொய்தான், ஆனா ஆளைக் காப்பாத்தின பொய்.

கோழியளையும் வெளியிலை கலைச்சுப்போட்டுப் போவம் எண்டு வெளிச்சத்தைத் திருப்பினன். ஒண்டும் அசையேல்லை. மூண்டு தாராவும், ஐஞ்சு கோழியும், ரெண்டு கினிக்கோழியும் எதிர்ச் சுவரோடை ஒண்டை ஒண்டு நெரிச்சு ஒதுங்கியிருந்ததுகள். நான் ரெண்டு பேருக்கு இடம் விட்ட வாங்குப் பக்கத்தை ஒண்டும் மிதிக்கேல்லை.