படிப்புக்குக் கிடைத்த சம்பள உயர்வு

என்னைக் குற்றவியல் படிக்க வைக்க, அப்பா உடுமலைப்பேட்டையில் பாதித் தென்னந்தோப்பை விற்றார். படித்து முடித்ததும் கோவையில் ஒரு நகைக்கடையில் பாதுகாப்பு அலுவலர் வேலைதான் கிடைத்தது. விற்பனைப் பெண்களைவிடச் சம்பளம் குறைவு.

ஒருநாள் ஒரு ஜோடிக் கம்மல் காணாமல் போனது. கடைசியாக அதை எடுத்துக் காட்டியவர் விற்பனையில் இருந்த செல்வி அக்கா.

"நீங்க இதுக்குத்தானுங்களே படிச்சீங்க? ஒத்துக்க வெச்சுப்போடுங்க," என்றார் முதலாளி.

அறைக் கதவைச் சாத்திவிட்டு விசாரித்தேன்.

"நான் எடுக்கலீங்க அம்மணி," என்று அக்கா அழுதார்.

"போலீஸ் உங்க பொண்ணு காலேஜுக்கே வருமுங்க," என்றேன்.

அழுகை சட்டென்று நின்றது. "சரிங்க, நாந்தானுங்க எடுத்தேன்."

அன்றே அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

அடுத்த வாரம், நகைத்தட்டின் வெல்வெட் துணிக்கு அடியில் அந்தக் கம்மல் கிடைத்தது. முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"உட்டுப்போடுங்க. அவங்களே ஒத்துக்கிட்டாங்கல்ல," என்றவர், அந்த மாதமே என் சம்பளத்தை உயர்த்தினார்.

சம்பள உயர்வைப் போனில் சொன்னபோது அப்பா சிரித்தார். "தோப்பு வித்தது வீண் போகலே கண்ணு."

கம்மல் கிடைத்ததை அவரிடம் சொல்லாமலே போனை வைத்தேன். வேலையையும் விடவில்லை. அக்கா ஒத்துக்கொண்ட அந்த நொடியில், படித்தது பலித்துவிட்டது என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அதைத்தான் இன்னும் யாரிடமும் சொல்ல முடியவில்லை.