வியன்னாவில் பதிவான வார்த்தை

“அடிச்சிட்டான் பொண்ணு, பாரு!” யெரே மாமா அச்சுத்தாளை என் மேசையில் எறிந்தார். பத்திரிகையைத் தணிக்கை செய்யும் அரசு வக்கீல் முதல் பக்கத்தில் பாதியைச் சிவப்பு மையால் அடித்திருந்தார்.

“எதை மாமா?”

“லூட்சே புருஷனைப் பத்தி எழுதினதை. மீனுக்குப் போட, பாறைக் குழியில காஞ்ச உப்பு ரெண்டு கை அள்ளினான். காவல்காரனுங்க சுட்டுக் கொன்னானுங்க. கடல் உப்பும் பேரரசருக்குத்தான் சொந்தம்னா அவரே வந்து வலை இழுக்கட்டும்!”

“இப்ப என்ன செய்யறது?”

“ஜெர்மன்ல எழுதிக் குடு. வியன்னால வாசிச்சிட்டு வரேன். அப்புறம் எந்தப் பய கை வைக்கிறான்னு பாப்போம்.”

வியன்னா நாடாளுமன்றத்தில் வாசித்துப் பதிவான எழுத்தைப் பத்திரிகையில் தடுக்க முடியாது. ஆனால் ஜெர்மனில் வாசித்தால்தான் பதிவாகும். பதிவானதை மட்டுமே அச்சிடலாம்.

யெரே விதுலிச் கல்தச்சர் மகன். நாலு பக்க வாரப் பத்திரிகை நடத்தி, மூன்று முறை சிறை சென்று, எங்கள் ஊர் ஷிபெனிக்கின் நாடாளுமன்ற உறுப்பினரானவர். ஜெர்மனை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். எனக்கு அந்த மொழியைக் கற்றுத் தந்தவர்கள் கன்னியாஸ்திரீகள். அவர்கள் மரியாதையான வாக்கியங்களையே எழுத வைத்தார்கள். “காவலர்கள் கொன்றார்கள்” என்பதை நான் “அசம்பாவிதத்தில் உயிரிழந்தார்” என்று எழுதினேன். அது தவறென்று அப்போது தோன்றவேயில்லை. நினைத்தால் இன்றும் என்மீதே ஆத்திரம் வருகிறது.

மாமா அதை வாசித்தார். பதிவாயிற்று. மறுவாரமே சபையைக் கலைத்தார்கள்; உறுப்பினரைக் கைது செய்யக்கூடாது என்ற பாதுகாப்பும் அதோடு போயிற்று.

அச்சகத்தில், பதிவானதை எங்கள் மொழியில் உரக்கப் படித்தேன். லூட்சேயும் வந்து நின்றிருந்தாள்.

“உயிரிழந்தாரா? காய்ச்சல்லயா?” என்றாள். “அவர் முதுகுல ரெண்டு ஓட்டை இருந்துச்சு. உடம்பை நீயா கழுவின?”

மாமா என்னைத் திட்டவில்லை. அச்சுக்கோப்பவரிடம் போய், “அந்த வரியைப் பிடுங்கு. கொன்றார்கள்னு கோத்துப் போடு,” என்றார்.

“மாமா, அது பதிவுல இல்லாத வார்த்தை. உங்களைப் பிடிச்சிட்டுப் போயிடுவாங்க.”

“அவன் முதுகுல பதிவாகியிருக்கு. போதும்.”

மாலைக்குள் போலீஸார் எல்லாப் பிரதிகளையும் அள்ளிச் சென்றார்கள், அவரையும் சேர்த்து. விசாரிக்க வந்த நீதிபதிக்கு எங்கள் மொழி ஒரு சொல்கூடத் தெரியாது. விசாரணைக்கு முந்தின நாள் சிறையில் அவரைப் பார்த்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

“நாளைக்குக் கோர்ட்டுல நீயே எனக்கு மொழிபெயர்க்கணும் பொண்ணு. நான் அசிங்கமாத் திட்டினாலும் அப்படியே சொல்லணும். செய்வியா?”