வரிக்குக் கெட்டிமேளம்

பாபநாசம் கடைத்தெருவில் இருக்கும் என் ஆடிட்டர் ஆபீசுக்கு ஒரு ரைஸ் மில் முதலாளி வருவார். ஆறடி உயரம், நெற்றியில் சந்தனம், உட்கார்ந்தால் நாற்காலி முனகும். வருமான வரி கட்டும் நாளில் மட்டும் பட்டு வேட்டியில் வருவார். ஒரு வருஷம் நாயனம், தவிலோடு வந்து இறங்கினார். தெருவே கூடிவிட்டது.

"வரி கட்ட எதுக்குங்க மேளம்?" என்று கேட்டேன்.

"கட்டாதவன் வாசல்ல தண்டோரா போடுறாங்கள்ல சார்? கட்டுறவனுக்கு ஒரு நாயனம் கூடாதா?"

சட்டத்துக்குள் நின்றே வரியைக் கணிசமாகக் குறைக்க ஒரு வழி இருந்தது. காதோடு காதாகச் சொன்னேன். அவர் தெருவுக்கே கேட்கும்படி சிரித்தார்.

"நம்ம மில்லுல மூட்டை தூக்குறவரு சோப்பு வாங்குனாலும் வரி கட்டுறாரு. அவரு எந்த ஆடிட்டர்கிட்ட வழி கேட்டாரு? முழுசாப் போடுங்க சார்!"

போட்டேன். "கெட்டிமேளம்!" என்று அவர் கையை உயர்த்த, தவில் முழங்க, நான் வரி கட்டும் பொத்தானை அழுத்தினேன். அவர் தூவிய அட்சதை என் கம்ப்யூட்டர் மேல் விழுந்தது. வாசலில் நின்றவர்கள் கை தட்டினார்கள்.

இன்றும் தெருவில் மேளச் சத்தம் கேட்டால், இன்னொரு முதலாளி வரி கட்ட வருகிறாரோ என்று ஆசையாக எட்டிப் பார்க்கிறேன். இதுவரை எல்லாமே கல்யாணமாகத்தான் இருக்கிறது.