கேத்தலின் மூக்கு

பன்னிரண்டு வயதில் என் கண்களையே நான் நம்பாமல் போனதற்கு ஓர் ஓட்டைக் கேத்தல்தான் காரணம்.

கை பழக வேண்டுமென்றால் ஒரு மாதம் தினமும் ஒரே பொருட்களைப் பார்த்து வரைய வேண்டும், பக்கத்துக்குப் பக்கம் தேதி போட வேண்டும் என்று சித்திர டீச்சர் சொல்லியிருந்தார். குண்டசாலையில் எங்கள் வீட்டு முன் ஜன்னலில், முன்பு தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைத்த அந்தக் கேத்தல் சும்மா கிடந்தது. அதன் பக்கத்தில் ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உட்கார்ந்துவிடுவேன்.

முதல் நாள் கேத்தலின் மூக்கு வலப்பக்கம் இருந்தது. மூன்றாம் நாள் இடப்பக்கம். மறுபடி வலப்பக்கம். எனக்குத் தலை சுற்றியது. அக்காவைக் கேட்டால், எனக்குத்தான் கண் சரியில்லை என்றாள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு அவள் வீட்டில் இருந்தாள். அவளுடைய போனை அப்பா அலுமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார். ஏனென்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அசையாப் பொருள் எப்படித் திரும்பும், பார்க்காமலே வரைகிறாய் என்று டீச்சர் வகுப்பில் எல்லோர் முன்னாலும் ஏசினார். அழுகை வந்தது. அடியைச் சுற்றி வெண்கட்டியால் கோடு போடு, மூக்கு இருக்கும் பக்கத்தைக் குறித்து வை, யாராவது அசைத்தால் பழையபடி வை என்றார். அன்றே வலப்பக்கம் குறித்து வைத்தேன்.

மறுநாள் அப்பா கம்பளைக் கந்தோருக்கு வேலைக்குப் போகாமல் காய்ச்சலோடு படுத்திருந்தார். கேத்தலின் மூக்கு இடப்பக்கம் இருந்தது. குறியைப் பார்த்துச் சரியாகத் திருப்பி வைத்தேன். பாதிகூட வரைந்திருக்க மாட்டேன், சந்தியில் திரீவீல் ஓட்டும் அண்ணன் ஒருவர் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். அடுப்பை விட்டுவிட்டுக் குசினியிலிருந்து ஓடி வந்த அக்கா, அவரைப் பார்ப்பதற்கு முன்னால் கேத்தலைத்தான் பார்த்தாள். அதற்குள் அப்பாவும் எழுந்து வந்துவிட்டார்.

"யாருடி இத திருப்புனது?" என்று அக்கா என்னைக் கேட்டாள்.

"நாந்தான். டீச்சர்தான் திருப்பி வைக்கச் சொன்னாங்க" என்றேன் பெருமையாக.

அந்த அண்ணன் வந்த வழியே திரும்பிப் போனார். வலப்பக்கம் என்றால் பெரியவர்கள் வீட்டில் இல்லை, வரலாம் என்று அர்த்தமாம். அப்பாவுக்கு அது அந்த நிமிடமே விளங்கிவிட்டது. எனக்கு விளங்கச் சில வருடங்கள் ஆயின.

அன்று மாலை அப்பா என் சித்திரக் கொப்பியை வாங்கிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். என் படங்களை அவர் அவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"மூக்கு வலப்பக்கம் இருந்த நாளெல்லாம் சொல்லு."

இரண்டு பக்கங்களில் தேதி போட மறந்திருந்தேன். அவற்றையும் யோசித்து யோசித்துச் சொன்னேன். கதவோரம் நின்ற அக்கா வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். தேதி பிழை என்கிறாளாக்கும் என்று நினைத்து, முதலிலிருந்து இன்னொரு தடவை சரிபார்த்துச் சொன்னேன்.